ரைத்து பஜாரில் தமிழ் தெரியாதவர்

1

இந்தக் கதையை வெட்கத்தில்தான் எழுத ஆரம்பித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் நான் பாட்டுக்குச் சிரிப்பேன், நீங்கள் முழிப்பீர்கள். போன ஞாயிறு காலை ஏழேமுக்காலுக்கு, அரைக்கிலோ தக்காளியைத் தராசிலேயே விட்டுவிட்டு பஜாரிலிருந்து ஓடிவந்தேன். இன்றைக்கு வெள்ளி. இன்னும் கன்னத்தில் சூடு இறங்கவில்லை. நாளை மறுநாள் மறுபடியும் ஞாயிறு. போவதா, வேண்டாமா? அதை முடிவு செய்யத்தான் எழுதுகிறேன்.

2

முதல் வரி: மேகங்கள் திரண்டிருந்த ஒரு காலைப்பொழுதில் ஹைதராபாத் மாநகரம்...

(மேகமாவது ஒன்றாவது. மண்டையைப் பிளக்கிற வெயில். அடித்தாயிற்று.)

இரண்டாவது முயற்சி: உழவரும் நுகர்வோரும் நேருக்கு நேர் சந்திக்கும் ரைத்து பஜார் என்பது...

(சம்பளம் தருகிற ஆபீசுக்கே நான் இப்படி எழுதுவதில்லை.)

மூன்றாவது: ஆக்னஸ் என்று ஒருத்தி. தூத்துக்குடிக்காரி. மெட்டுகுடாவில் வாடகை வீடு, கம்ப்யூட்டர் வேலை. ஞாயிறுதோறும் எட்டரைப் பூசைக்கு முன்னால் காய் வாங்கிவிடுவாள்.

சரி, ஆக்னஸ் நான்தான். நாலு வரிக்கு மேல் மறைக்க முடியவில்லை.

3

பஜாருக்குள் நுழைந்ததும் அக்காவுக்கு போன் போடுவேன். காதில் இயர்போன், கையில் பை, வாயில் தமிழ். சுற்றிலும் தெலுங்கும் ஹிந்தியும்தானே, நம் பேச்சு யாருக்குப் புரியப்போகிறது என்ற துணிச்சல். ஊரை விட்டு வந்த எல்லோருக்கும் இது உண்டு. லிஃப்டில், பஸ்ஸில், பக்கத்தில் நிற்பவரின் தொப்பையைப் பற்றி நீங்கள் பேசியதில்லையா? பொய் சொல்லாதீர்கள்.

ஆறு ஞாயிறாக வெண்டைக்காய்க் குவியலருகே ஒருவர் நிற்பார். காய் புதுசா என்று என்னிடம் தட்டுத் தடுமாறித் தெலுங்கில் கேட்பார். எனக்குத் தெரிந்த பத்துத் தெலுங்கு வார்த்தையில் ஏதோ ஒன்றை எடுத்துவிடுவேன். அப்புறம் அரையடி தள்ளி நின்று அக்காவிடம் முழு விவரமும் கொடுப்பேன். மூக்கு எடுப்பாக இருக்கிறது. அந்த மஞ்சள் சட்டைதான் சகிக்கவில்லை. முற்றலாகப் பார்த்துப் பொறுக்குகிறார், நுனியை ஒடித்துப் பார்க்கணும் என்றுகூட அந்த மாட்டுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் ஒவ்வொரு காயாக நுனியை ஒடித்தார். கடைக்கார அம்மா திட்டினாள்.* மஞ்சள் சட்டையைக் காணோம், நீலம் வந்திருந்தது.

* தெலுங்கில். எனக்கு நன்றாகப் புரிகிற தெலுங்கு அது ஒன்றுதான்.

கதாநாயகி இவ்வளவு மக்காகவா இருப்பாள் என்று கேட்பீர்கள். இருந்தாள்.

போன ஞாயிறு தக்காளி நிறுத்துக்கொண்டிருந்தபோது அக்கா நேராகவே கேட்டுவிட்டாள், ஆளைப் பிடித்திருக்கிறதா என்று. அவர் பக்கத்தில்தான் நின்றார். நான் நிதானமாக, நல்ல சத்தமாகச் சொன்னேன்:

"பிடிச்சுத்தாம்க்கா இருக்கு. ஆனா பாஷை தெரியாதே. என்னத்தப் பேசிக் குடும்பம் நடத்த?"

அவர் வெண்டைக்காயைக் கீழே வைத்தார்.

"தமிழ்லயே பேசிக்கலாமுங்க. பேரு பழனிசாமி. பொள்ளாச்சிப் பக்கமுங்க."

அதற்கப்புறம்தான் அந்த ஓட்டம்.

4

இனி இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குள்ள சந்தேகங்கள். ஆறு வாரம் தமிழில் வாயைத் திறக்காமல் காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்ற மனுஷனை நம்பலாமா? கள்ளன். கோபமாக ஒரு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தால் அது பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது, கிழித்துவிட்டேன். மாடு என்றதைக் கேட்ட பிறகும் அடுத்த வாரம் வந்து அதே இடத்தில் நின்றாரே. நானாக இருந்தால் நின்றிருப்பேனா என்று

(இந்த வாக்கியம் வேண்டாம். எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது.)

5

கைவசம் உள்ள முடிவுகள்.

ஆக்னஸ் இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. போவன்பள்ளி மொத்தச் சந்தையில் மூட்டையாக வாங்கிக்கொள்கிறாள். (ஒண்டிக்கட்டை ஒரு மூட்டை வெண்டைக்காயை வைத்து என்ன செய்வாள்?)

கல்யாணம். கோயிலா, தேவாலயமா என்று இரண்டு வீட்டிலும் ரகளை. அம்மா ஒரு வாரம் சாப்பிடவில்லை. (அக்கா இப்போதே இதற்குப் பயப்படுகிறாள். பேரும் ஊரும் மட்டுமே தெரிந்த ஆளுக்கு!)

ஆக்னஸ் ஞாயிறு போகிறாள். அவர் வரவில்லை.

இந்த மூன்றாவதை எழுதியதும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, போகத்தான் போகிறேன் என்று.

6

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை நேரம் வாசகர் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவதுபோல் பேசியது நடிப்பு. இதை எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பப்போவதில்லை. ஒரே ஒரு பிரதிதான். ஞாயிறு ஏழரைக்கு அதை உங்கள் பையில் போட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் பூசைக்குப் போய்விடுவேன்.

பழனிசாமி, ஆறு வாரமாக நான் பேசினேன், நீங்கள் கேட்டீர்கள். நான் சொல்ல வேண்டியதை மூன்றாவது பகுதியிலேயே, அதுவும் பஜார் நடுவில், சொல்லியாயிற்று. நீங்கள் இன்னும் சொல்லவில்லை. பூசை ஒன்பதரைக்கு முடியும். தேவாலயத்துக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. ஏழாவது பகுதி அங்கே, உங்கள் வாயால்.