நின்ற இடத்திலிருந்தே நிறுத்தவும்

ஆலைத் தொழிலாளர்களுக்கான பயிற்சிப் படங்களுக்கு வசனம் எழுதுவது என் பிழைப்பு. எழுதிய ஒவ்வொரு வரியையும் மிஷின் பக்கத்தில் நின்று செய்து பார்ப்பேன். செய்ய முடியாத வரியை, யார் சொன்னாலும் எழுத மாட்டேன்.

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலை. அங்கே கிழங்கு அரைக்கும் மிஷினில் ஆயம்மாளுக்கு இரண்டு விரல் போய்விட்டது. கட்டுப் பிரித்து அவள் வேலைக்குத் திரும்பியதும் முதலாளி ஆதிமூலம் என்னைக் கூப்பிட்டார்.

"புதுசா வர்றவங்களுக்குப் படம் காட்டணும்மா. ஆயம்மா பராக்கு பாத்துப் பேசிக்கினு இருந்துச்சு, விரல் போச்சு. அத அப்டியே எழுது. அதுவே நடிக்கட்டும். மாட்டேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேணாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரலையும் கொடுத்துவிட்டு, பழியையும் சுமந்து, அதை நடித்தும் காட்ட வேண்டுமாம்! என்ன கொழுப்பு!

ஆயம்மாளிடம் கேட்டேன்.

"நான் இன்னாத்த பேசினேன்? முந்தானி மாட்டிக்கினு உள்ள இழுக்குது. நிறுத்துங்கடின்னு கத்தறேன். சுவிச்சு செவுத்துக்கு அந்தாண்ட இருக்குதுங்க. யாரு ஓடுறது?"

வீட்டுக்கு வந்து, இந்த முறை மட்டும் செய்து பார்க்காமலேயே ஒரு வரி எழுதினேன்: 'துணி மாட்டினால், நின்ற இடத்திலிருந்தே மிஷினை நிறுத்தவும்.' ஆதிமூலம் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார்.

படம் எடுக்கும் நாளில் மிஷினுக்கு மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள். "முதல்ல நீங்க செஞ்சு காட்டுங்க முதலாளி, ஆயம்மா பாத்துக்கட்டும்" என்றேன். கேமரா என்றதும் மனிதர் தலையை வாரிக்கொண்டு மிஷின் பக்கத்தில் வந்து நின்றார். என்னோடு வந்திருந்த படப்பிடிப்பாளன் நவுஷாத் கேமராவை ஓடவிட்டான். நான் வரியைப் படித்துக்கொண்டே முதலாளியின் வேட்டி நுனியை இறுக்கிப் பிடித்தேன்.

அவர் கையை நீட்டினார். எம்பினார். சுவர்தான் கைக்குக் கிடைத்தது. கிழங்கு உரிக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"வேட்டிய விடும்மா!"

"மிஷின் விடுமா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "இந்த சீன தூக்கு!"

"முடியாது. சுவிச்சக் கழட்டியாந்து இங்க வைங்க. அப்புறம் இதே சீனத் திரும்ப எடுக்கலாம்."

"டேய், கேமராவ நிறுத்துடா!"

நவுஷாத் காதில் வாங்கவே இல்லை. அதற்குள், யாரும் கூப்பிடாமலேயே ஆயம்மாள் முன்னால் வந்து நின்றாள். மூன்று விரல் மட்டும் இருந்த கையை முந்தானைக்குள்ளிருந்து எடுத்து வெளியே வைத்தாள்.

"எம் பேரு ஆயம்மா. நான் பராக்கு பாக்கல. எம்மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள். பிறகு முதலாளி பக்கம் திரும்பினாள். "நாளைக்கும் வேலைக்கு வருவேன்."