பத்து மணி போன்

குழந்தைகளுக்கான காது மருத்துவமனையில் பெரிய டாக்டரைப் பார்க்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியலைக் குறைக்கச் சொல்லி மேலிடம் உயிரை வாங்கியது. குறைத்துக் காட்டியவள் அக்கா. ஆபீஸில் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

அவள் கண்டுபிடித்த வழி ரொம்பச் சுலபம். முறை நெருங்கும்போது பெற்றோருக்கு போன் போகும். இரண்டு தடவை எடுக்காவிட்டால் பிள்ளையின் பெயரை எடுத்துவிடலாம், அதுதான் விதி. அக்கா காலை பத்து மணிக்குத்தான் கூப்பிடுவாள். வேலைக்குப் போன தாய்மார்கள் அந்நேரம் போனைத் தொட முடியுமா? பட்டியல் மளமளவென்று இறங்கியது. மேலதிகாரி எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரிக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்துப் பாதிப் பட்டியலை அவள் தலையில் கட்டினாள்.

அந்தப் பாதியில் அக்காவின் சொந்தத் தங்கை மகளும் இருந்தாள். பிறவியிலேயே காது கேட்காத குழந்தை. சீக்கிரம் ஆபரேஷன் செய்தால்தான் பேச்சு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிபாரிசு என்று நாலு பேர் பேசிவிடுவார்களாம், அதனால் அக்கா அந்தப் பெயரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன ஒரு நேர்மை!

ஒரு மத்தியானம் தங்கை மகளின் பெயரைக் கம்ப்யூட்டரில் தேடினாள். இல்லை.

“ரெண்டு நாளும் பத்து மணிக்கு அடிச்சேன்க்கா, எடுக்கல. நீங்க சொன்ன மாதிரிதானே?” என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி.

தங்கைக்குத் தையல் கம்பெனியில் வேலை. வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அக்கா மேலதிகாரியிடம் ஓடினாள்.

“பழைய இடத்துலயே சேத்துடலாம்மா. ஆனா ஏன் எடுத்தோம்னு மேல எழுதணும். பத்து மணி கதையையும் சேத்து எழுதித் தர்றீங்களா?”

அக்கா எழுதித் தரவில்லை.

சாயங்காலம் தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். “நம்ம முறை எப்பக்கா வருது?”

“போன் பண்ணாங்களாம், நீ எடுக்கல. பேரை எடுத்துட்டாங்க. இனிமே கடைசியிலதான் சேக்க முடியும்.”

“கம்பெனில போனைக் குடுக்க மாட்டாங்கன்னு உனக்குத் தெரியுமேக்கா!”

“பெத்தவளுக்குத்தான்டி அக்கறை இருக்கணும்.” பெயர் போன பெற்றோரிடம் தினமும் சொல்லிப் பழகியது, தடங்கலில்லாமல் வந்தது.

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். “என் தப்புதான்க்கா. என் புள்ளைய நானே ஊமையாக்கிட்டேன்.”

அக்கா இல்லையென்று சொல்லவில்லை. அழாதே என்று மட்டும் சொன்னாள்.