பத்து நாள் குடித்தனம்

நேர்காணல் ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அதிகாரி அம்மாள் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். கல்யாணம் எப்படிக் கூடிவந்தது, கணவருக்குக் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர் அங்கே என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டாள். கல்யாணப் படங்களைப் புரட்டி, "இந்த மூலையில அழுறது யாரு, உங்க அண்ணனா?" என்றுகூட விசாரித்தாள். எல்லாம் முடிந்ததும் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, கூடவே ஒரு மஞ்சள் சீட்டையும் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் சரிபார்க்க வேண்டியிருக்கு. நாங்களே சொல்லுவோம். நீங்க கூப்பிட வேண்டாம்."

வெளியே எதிர்வாடை நிழலில் அவளுடைய கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அண்ணன் நின்றிருந்தான். பையை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் இரண்டு மணி நேரமாக அப்படியே நின்றிருக்கிறான். போவோர் வருவோர் எல்லாம் அவனை ஒரு மாதிரிப் பார்த்திருக்கிறார்கள்.

"என்ன ஆச்சு?"

"சிரிச்சாங்கண்ணே."

"அப்ப முடிஞ்ச மாதிரிதான்" என்றான் அண்ணன்.

போனில் கணவனும் அதையேதான் சொன்னான். அவனோடு வேலை பார்க்கும் ஒருவரின் மனைவிக்கும் இதே மஞ்சள் சீட்டு கொடுத்தார்களாம், பதினைந்தே நாளில் விசா வந்துவிட்டதாம். இவளுக்கு அப்போது வயிற்றில் மூன்று மாதம். கல்யாணமான பிறகு இரண்டு தடவை லீவில் வந்திருந்தான். இரண்டையும் கூட்டினால் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது அறுபது நாள் தேறும். பிள்ளை அங்கேதான் பிறக்க வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

பதினைந்து நாளை நம்பி வேலையை விட்டாள். எட்டு வருஷமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு வேலை. லென்ஸின் ஓரத்தை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்து எடுத்து, உட்கார வைத்து, கடுகளவு திருகாணியை முடுக்கித் தருவாள். தேய்க்கும் இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே லென்ஸ் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். விடைபெறும் நாளில் கடை முதலாளி, "அந்த ஊர்லயும் மூக்கு மேலதான் கண்ணாடி போடுறாங்களாம், பொழைச்சுக்குவ" என்று சொல்லிவிட்டு, சிரிக்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

பெட்டிகள் இரண்டும் கூடத்தில் தயாராக நின்றன. பதினைந்து நாள் ஒரு மாதமானது. ஒரு மாதம் மூன்றானது. பெட்டிகளின் மேல் அண்ணி முதலில் மடித்த துணியை வைத்தாள், பிறகு இஸ்திரிப் பெட்டியை வைத்தாள், அதன் பிறகு அது ஒரு மேசையாகவே ஆகிவிட்டது.

தினமும் காலையில் பல் துலக்கும் முன்பே போனைத் திறந்து தன் எண்ணைப் போட்டுப் பார்ப்பாள். "பரிசீலனையில் உள்ளது" என்று வரும். எழுதிக் கேட்டால், பரிசீலனையில் உள்ளது என்று பதில் வரும். கிணற்றில் போட்ட கல்லாவது விழுந்த சத்தம் கேட்கும்.

"இன்னும் கிளம்பலையா?" என்பார் மாடிவீட்டு அம்மா, படியில் பார்க்கும்போதெல்லாம். தப்பாகக் கேட்கவில்லை, வாய் சும்மா இருக்காமல் கேட்பதுதான். ஆனாலும் அவள் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்று, அது தேய்ந்து மறைந்த பிறகே வெளியே போகப் பழகினாள். ஒருநாள் அண்ணி குறுக்கே புகுந்தாள்.

"அனுப்ப எங்களுக்கு மனசு வரலைம்மா. அதான் வச்சிருக்கோம். உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, கொஞ்ச நாள் மாடிக்கு அனுப்புறேன்."

அதற்கப்புறம் அந்த அம்மா கேட்கவில்லை. அவளுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கணவனோடு பேசுவது முன்பெல்லாம் ஒரு சந்தோஷம். இப்போது ஒரே பேச்சுதான்.

"நீ என்ன பதில் சொன்ன? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எத்தனை தடவைங்க சொல்றது?"

"என் வேலையைப் பத்திக் கேட்டப்ப என்ன சொன்ன?"

"கிடங்குல வண்டி ஓட்டுறார்னு சொன்னேன். சரக்கு அடுக்குற வண்டி."

"ஃபாரத்துல மேற்பார்வையாளர்னு போட்டிருக்கேனே. ஆறு மாசமா அதுதானே என் வேலை. உன்கிட்ட சொன்னேனே."

"சொன்னீங்களா?"

சொன்னானா இல்லையா என்று இருவருக்குமே நிச்சயமாகத் தெரியவில்லை. அதுதான் காரணமா, அவன் பெயரிலேயே வேறொருவன் இருக்கிறானா, இல்லை எங்கோ ஒரு மேசையில் அவள் தாள்கள் வேறு தாள்களுக்கு அடியில் கிடக்கின்றனவா, கடைசிவரை யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த ஒன்பது நிமிடத்தை அவள் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். எந்தப் பதிலும் சரியாகத் தோன்றவில்லை. அதிகாரி சிரித்தது நிஜமா என்பதே சந்தேகமாகிவிட்டது.

ஏழு மாதம் முடிந்தபோது, இனி விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று மருத்துவர் சொன்னார். அன்று மாலையே அவள் கண்ணாடிக் கடைக்குப் போனாள். அவள் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதலாளி அவள் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், "திருகாணி முடுக்குற வேலை குமிஞ்சு கிடக்கு. உட்காரு" என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். பிரசவத்துக்கு இரண்டு நாள் முன்புவரை அந்த முக்காலியில்தான் இருந்தாள்.

பெண் குழந்தை. அண்ணி போனைத் தூக்கிப் பிடித்து அப்பனுக்குக் காட்டினாள். அவன் வாயைத் திறந்து என்னவோ சொல்ல வந்த நேரத்தில் படம் உறைந்துவிட்டது. திறந்த வாயோடு, பாதி முகத்தோடு அப்படியே நின்றான். "என்ன சொல்றாரு அண்ணி?" என்று அவள் படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணி, "அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்காம்" என்று தன் கையிலிருந்து ஒரு பொய்யைப் போட்டாள்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது கடிதம் வந்தது. முன்பு எடுத்த மருத்துவப் பரிசோதனை காலாவதியாகிவிட்டது, மறுபடி எடு என்றார்கள். எடுத்து, பாஸ்போர்ட்டோடு அனுப்பினாள். மூன்று வாரத்தில் பாஸ்போர்ட் விசாவோடு கையில் வந்து சேர்ந்தது. இரண்டு மாதத்துக்குள் அந்த நாட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். தவறினால் விசா செல்லாது, விண்ணப்பம் மறுபடி முதல் பக்கத்திலிருந்து.

குழந்தைக்கு அதில் இடமில்லை. விண்ணப்பித்தபோது அது பிறக்கவில்லையே. அப்பாவின் வழியில் தனியாகத் தாள்கள் போட வேண்டும், எத்தனை மாதம் ஆகும் என்று சொல்வதற்கில்லை.

அண்ணன் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மூக்கைச் சிந்தினான். "கைக்கு எட்டினதை இப்படியா தட்டி விடுவானுங்க."

"நீ முதல்ல வா" என்றான் கணவன். "பாப்பா அண்ணிகிட்ட இருக்கட்டும். நாலஞ்சு மாசம்தானே."

"அப்பவும் பதினஞ்சு நாள்னுதானே சொன்னீங்க."



மூன்று நாள் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் விசா அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று, உள்ளே நுழைந்து முத்திரை வாங்கிக்கொண்டு உடனே திரும்பலாமா என்று கேட்டாள். திரும்பலாம், ஆனால் ஒரு வருஷத்துக்குள் மீண்டும் வந்து குடியேறிவிட வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னாள்: "பத்து நாள். போயிட்டு வந்துடுறேன். விசாவும் போகாது, குழந்தையும் கையை விட்டுப் போகாது."

"பத்து நாளுக்கு யாராவது குடித்தனம் பண்ணப் போவாங்களா?" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு, புட்டிப்பால் கொடுத்துப் பழக்குவதற்காகக் குழந்தையைத் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அண்ணிக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்த ஊர் விமான நிலையத்தில் கணவன் நின்றான். இருவரும் ஒருவரை ஒருவர் தொடலாமா என்று யோசித்துக்கொண்டே பெட்டியைத் தொட்டார்கள். அவன் வீடு ஓர் அறையும் ஒரு சமையலறையும். அலமாரியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், பக்கத்தில் புதிதாக இன்னொரு தட்டு, இன்னொரு டம்ளர். கடையில் ஒட்டிய சீட்டைக்கூட இன்னும் உரிக்கவில்லை. அறையின் மூலையில் மரச்சட்டங்களைப் பூட்டி ஒரு குழந்தைக் கட்டில். மெத்தை, போர்வை எல்லாம் விரித்து வைத்திருந்தான்.

"எப்ப வாங்கினீங்க?"

"நேர்காணலுக்கு மறுநாள்."

மூன்று நாள்தான் அவனுக்கு லீவு கிடைத்தது. மற்ற நாட்களில் அவன் வேலைக்குப் போன பிறகு அவள் அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மார்பு கட்டிக்கொண்டு நெருப்பாக எரியும். குளியலறைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சித் தொட்டியில் விட்டு, தண்ணீரைத் திறந்துவிடுவாள். முதல் நாள் அழுதாள். பிறகு அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. அவன் வந்ததும் இருவரும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் போல மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். உப்பு போதுமா, ஜன்னலைச் சாத்தட்டுமா.

ஐந்தாம் நாள் சாப்பிடும்போதுதான் கவனித்தாள். அவன் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. இத்தனை மாதமாகப் போனில் பார்த்திருக்கிறாள், போனைத்தான் சாய்த்துப் பிடிக்கிறான் என்று நினைத்திருந்தாள்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"அது கிடக்கு. ரெண்டு தடவை கடையில கொடுத்தேன், சரியாகல."

"கொடுங்க."

வெந்நீரில் காதுக்கொக்கியை நனைத்து, கட்டைவிரலால் மெல்ல வளைத்தாள். அவனுக்கு மாட்டிவிட்டுக் காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தாள். மறுபடி கழற்றி, இன்னும் நூலளவு வளைத்து, மறுபடி மாட்டினாள். "உறுத்துதா?" என்று கேட்டாள், எல்லா வாடிக்கையாளர்களிடமும் கேட்பது போல. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். தோள் குலுங்க, சத்தமே வராமல் அழுதான். போட்ட கண்ணாடியைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

அன்றிலிருந்து நான்கு நாள் அவர்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தார்கள். அதனால்தான் கடைசி நாள் அவ்வளவு கஷ்டமாகிவிட்டது.

"இருந்துடேன்" என்றான். பெட்டி மூடியிருந்தது. "பாப்பா அங்க நல்லாத்தானே இருக்கா. நேத்து போன்ல சிரிச்சாளே. நான் ஒரு வருஷமா இந்தச் சுவத்தோட பேசிக்கிட்டு இருக்கேன்."

"அவ நாலு மாசக் குழந்தைங்க."

"நான் யாரு?"

அவளிடம் பதில் இருந்தது. அதைச் சொன்னால் இருவராலும் தாங்க முடியாது என்று தோன்றியதால் சொல்லவில்லை. விமான நிலையத்தில் அவன் உள்ளே வராமல், பெட்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "போன உடனே போன் பண்ணு" என்று சொல்லித் திரும்பி நடந்தான். ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பான் என்று நின்றாள். பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு ஓடிக் குழந்தையை வாங்கினாள். அது அவளை உற்றுப் பார்த்தது. மார்பில் வைத்ததும் வாயைத் திருப்பிக்கொண்டது. மறுபக்கம் மாற்றினாள். முதுகை வில்லாக வளைத்து வீரிட்டது. கூடத்தில் உலாத்தினாள், தட்டினாள், கொஞ்சினாள், மறுபடி வைத்துப் பார்த்தாள். அடுத்த அறையிலிருந்து அண்ணியின் குரல் கேட்டதுமே அழுகை நின்று, தலை அந்தப் பக்கம் திரும்பியது.

அண்ணி கதவருகே வந்து நின்றாள். கையில் புட்டி இருந்தது. நீட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"நான் வேணும்னு பண்ணலடி" என்றாள். முகம் கோணிக்கொண்டு போனது. "பத்து நாளும் உன் சேலையைப் போத்திக்கிட்டுத்தான் கொடுத்தேன். வாசனை மறக்கக் கூடாதுன்னு."

அவள் குழந்தையைக் கொடுத்தாள். அண்ணி வாங்கிக்கொண்டாள். ஒரு வாரம் முயன்று பார்த்தார்கள். பிறகு பால் தானாகவே வற்றிப்போயிற்று.

குழந்தையின் தாள்கள் வர ஒன்பது மாதம் ஆனது. அதற்குள் அது நடக்கப் பழகியிருந்தது, அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. அவளிடமும் வரும், சிரிக்கும். ஆனால் விழுந்தால் "த்தை" என்று ஓடுவது அண்ணியிடம்தான். கிளம்புகிற நாள் அண்ணி விமான நிலையத்துக்கு வரவில்லை. தலைவலி என்றாள். குழந்தையின் சட்டைகளை நிறம் பார்த்து அடுக்கி, எந்தச் சட்டைக்கு எது ஜோடி என்று ஒரு தாளில் எழுதி மேலே வைத்திருந்தாள்.

அங்கே இறங்கியதும் கணவன் அவர்களை வீட்டுக்கு அழைத்துப் போனான். முதல் இரண்டு வாரம் குழந்தை அவன் தூக்கினால் அலறியது. அவன் கோபப்படவில்லை. "பழகட்டும்" என்று தரையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, ஒரு பந்தை உருட்டிவிட்டு, அது திரும்பி வருகிறதா என்று காத்திருப்பான். காத்திருப்பதற்கு அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குழந்தை வாசல் கதவருகே போய்க் கையால் தட்டி, "த்தை, த்தை" என்று கூப்பிட்டது. கொஞ்ச நேரம் காதை வைத்துக் கேட்டது. மறுபடி தட்டியது. அவள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு வருவதற்குள் அவன் எழுந்து போய்க் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனும் கதவையே பார்த்தான். அவளும் ஈரக் கையோடு வந்து அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். குழந்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுபடியும் கதவைத் தட்டியது.