காதில் சொன்னது

யுகேஜி வாட்ஸ்அப் குரூப்பில் இசைவாணி டீச்சர் ஒரு பட்டியல் போட்டிருந்தார். ‘மூச்சு விட நேரமில்லாத அம்மாக்களுக்கு எனக்குப் பிடிச்ச பாட்காஸ்ட் அஞ்சு. காதுல மாட்டிக்கிட்டு வேலையப் பாருங்க’ என்று எழுதி, முதல் இடத்தில் ‘அப்பா மடி’ என்று போட்டு மூன்று இதயமும் வைத்திருந்தார். ரிஃப்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஹஸ்ஸானுக்கு ஆறு வயது, ஆஃபியாவுக்கு இன்னும் மூன்று நிறையவில்லை. இவளுடைய இரண்டு காதுகளையும் அவர்கள் என்றைக்கோ பட்டா போட்டு வாங்கிவிட்டார்கள்.

ஆனாலும் அன்று ஓர் அதிசயம் நடந்தது. பெரியவன் பள்ளிக்கூடத்தில், சின்னவள் தூக்கத்தில். அரிவாள்மணைக்கு முன்னால் ஒரு கிலோ கொடுவா மீன் மட்டும்தான் இவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஃபோனைச் சுவரோரம் சாய்த்து வைத்து ‘அப்பா மடி’யைத் தட்டினாள்.

“வணக்கம். நேத்து சாயந்திரம் என் பையன் ரொம்ப அழுதான்…”

ஜாபிரின் குரல். அவள் புருஷன்தான், சந்தேகமே இல்லை. ஆஃபியா வயிற்றில் இருக்கும்போது அதிராம்பட்டினத்தை விட்டு துபாய்க்குப் போனவன், பெற்ற மகளை இன்னும் கையில் தூக்கியதில்லை. பதினெட்டு நாளாகக் கேட்காத குரல். வெட்கங்கெட்ட மனசு ஒரு நொடி குளிர்ந்துதான் போனது.

“நான் அவனைத் திட்டல. பக்கத்துல உக்காந்து, ‘நீடாமங்கலம் கேட் போட்டாச்சுடா. அழுகை வண்டி போற வரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன்’னு சொன்னேன். அவனே சிரிச்சுட்டான்.”

மீன் கையிலிருந்து நழுவியது. அந்த கேட் அவளுடையது. போன வருஷம் கும்பகோணத்து அக்கா வீட்டுக்குப் போகும்போது, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. வெயிலில் ஹஸ்ஸான் போட்ட கூச்சலில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அப்போது வாய்க்கு வந்ததுதான் அந்த அழுகை வண்டி. வீட்டுக்கு வந்ததும் ஜாபிருக்கு ஆறு நிமிஷ வாய்ஸ் மெசேஜில் சொன்னாள். தினமும் அப்படித்தான் அனுப்புவாள். அவனால் பேச முடியாது, ஷிஃப்ட். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். பாவம், கேட்கக்கூட நேரமிருக்காது என்று இவளே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

கேட்டிருக்கிறான். ஒன்று விடாமல் கேட்டிருக்கிறான்.

குழம்பு கொதிக்கக் கொதிக்க எல்லா எபிசோடையும் கேட்டாள். வாப்பா அப்பாவாகியிருந்தது. உம்மா செய்ததெல்லாம் அப்பா செய்ததாகியிருந்தது. இது போதாதென்று பதினான்காவது எபிசோட். ஒருநாள் கோபத்தில் ஹஸ்ஸானை அடித்துவிட்டு, “எனக்கே என்னைப் புடிக்கல மச்சான், ஒரே ஒரு தடவ கூப்புடுங்க” என்று அழுது அனுப்பியிருந்தாள். அதற்கும் கட்டைவிரல்தான் வந்தது. எபிசோடில் அவன் மெதுவான குரலில் சொன்னான்: “என் மனைவி கொஞ்சம் முன்கோபி. அன்னிக்கு அவளை உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, பொறுமைன்னா என்னன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்.” அடப்பாவி. யாருக்கு யார் தண்ணீர் கொடுத்தது?

அன்றோடு வாய்ஸ் அனுப்புவதை நிறுத்தினாள். ஆறாம் நாள் காலை அவனே கூப்பிட்டான்.

“என்ன புள்ள, வாய்ஸே காணோம்? புள்ளைங்க என்ன பண்ணுதுங்க?”

“இருக்குதுங்க.”

“பெரியவன் புதுசா எதாச்சும் சொன்னானா? கொஞ்சம் வெளக்கமா சொல்லேன்.”

சட்டையைப் பிடித்துக் கேட்க வாய் வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கினாள். அன்று காலை ஷூ மாட்டிவிடும்போது ஹஸ்ஸான் இரண்டு கையையும் குவித்து அவள் காதில் கேட்டது ஞாபகத்துக்கு வந்தது. இதைச் சொல்லிப் பார்ப்போம் என்று நினைத்தாள். இது அவனைச் சுட்டுவிட்டால், பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசிவிட்டால், மற்றது எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம்.

“‘உம்மா, வாப்பா நெசமாவே இருக்காங்களா’ன்னு கேட்டான் மச்சான்.”

அவன் தழுதழுத்த குரலில், “அப்புறமா கூப்புடுறேன்” என்று வைத்துவிட்டான்.

அழுகிறான் என்றே நம்பினாள். சாயந்திரம் ஹஸ்ஸானுக்குத் தலைசீவி, பவுடர் போட்டு, ஃபோன் பக்கத்தில் உட்கார வைத்தாள். மறுநாளும் வைத்தாள். மூன்றாம் நாள் அவனே, “வேணாம் உம்மா” என்று விளையாடப் போய்விட்டான்.

சனிக்கிழமை குரூப்பில் இசைவாணி டீச்சரின் செய்தி வந்தது. ‘இந்த வார அப்பா மடி கேட்டு அழுதுட்டேன். அவர் ஆபீஸே கதின்னு இருந்தாராம். பையன் “அப்பா நிஜமாவே இருக்காரா”ன்னு கேட்டானாம். வேலையைப் போட்டுட்டு ஓடி வந்து கட்டிப்பிடிச்சுக்கிட்டாராம். என்ன மனுஷன்! கட்டாயம் கேளுங்க.’ கீழே வரிசையாக இதயம்.

ரிஃப்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மைக்கை அழுத்தினாள்.

“டீச்சர், அந்தப் பையன் உங்க கிளாஸ் ஹஸ்ஸான்தான். பேசுறது அவன் வாப்பா. யாரும் ஓடி வரல, யாரும் கட்டிப்புடிக்கல. மூணு வருஷமா ஊருக்கே வரல. வாப்பா நெசமாவே இருக்காங்களான்னு புள்ள எங்கிட்டதான் கேட்டான். கதைய எல்லாரும் கேட்டீங்கல்ல, இதையும் கேட்டுக்குங்க.”

அனுப்பிவிட்டாள். ஐம்பத்திரண்டு பேர் இருக்கிற குரூப். ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள் என்று ஃபோன் காட்டியது. நெஞ்சில் இருந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. இந்த மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் சொன்னதை அவள் சொன்னதாகவே நாலு பேர் கேட்கிறார்கள்.

திரும்பினால், ஹஸ்ஸான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ. அழவில்லை. முகம் மட்டும் சிவந்து கிடந்தது.

“அத நான் உங்க காதுலதானே உம்மா சொன்னேன்?” என்றான்.