அரைகுறை

கூடத்துச் சுவருக்கு அவள் பச்சை அடிக்க ஆரம்பித்தபோது சின்னவன் வயிற்றில் இருந்தான். இப்போது அவன் தவழ்ந்துபோய் அதே சுவரை நக்குகிறான். சுவர் இன்னும் பாதி பச்சை, பாதி பழைய அழுக்கு மஞ்சள். அவளும் சும்மா இருந்துவிடவில்லை. பெயிண்டைக் கலக்கி, பிரஷை நனைத்து, முக்காலியில் ஏறினால் போதும், பிள்ளைகள் இரண்டுக்கும் மூக்கில் வேர்த்துவிடும். ஒன்று வீறிட்டு அழும், இன்னொன்று கக்கா வருகிறது என்று கத்தும். இறங்கி, கழுவி, துடைத்து, ஊட்டி, தூங்கப்போட்டுவிட்டு வந்தால் பிரஷ் கட்டையாக விறைத்துக் கிடக்கும்.

வீட்டுக்காரர் கட்டட வேலையில் ஒரு சூப்பர்வைசர். பூச்சு சரியில்லை, டைல்ஸ் கோணல் என்று அடுத்தவன் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிற மனுஷன். வீட்டில் ஒரு ஆணியைக் கையால் தொட்டதில்லை, கண் மட்டும் ஓயாது. ஒரு பக்கம் மட்டும் தைத்த திரைச்சீலையைப் பார்ப்பார், கைப்பிடி வைக்காத அலமாரியைப் பார்ப்பார், கடைசியில் சுவரைப் பார்ப்பார். "என்ன அரைகுறை, சௌக்கியமா?" என்று ஒருநாள் கேட்டுவைத்தார். அந்தப் பெயர் அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டது. அக்காவிடம் போனில் பேசும்போதும், "அரைகுறைக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு" என்பார். நாத்தனார் அந்தப் பக்கம் சிரிப்பது சமையலறைவரை கேட்கும்.

அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். மூத்தவள் பட்டாணிக்கு மூன்று வயசு. ஒரு காலையில் அவள் வந்து, "அரைகுறை, பால் குடு" என்று கேட்டபோதுதான் பொறுக்கமுடியவில்லை. அப்பாவோ விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரித்தால் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? அன்றோடு 'அம்மா' என்ற சொல் அந்த வீட்டில் ஒழிந்தது. அப்பாவுக்கு வாங்க, போங்க. இவளுக்கு வா, போ, அரைகுறை. காய்ச்சலுக்குக் கூட்டிப்போன இடத்தில் டாக்டர், "அம்மா பேர் என்ன செல்லம்?" என்று கேட்க, பிள்ளை பளிச்சென்று பதில் சொன்னது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அன்று சாயங்காலம் அவள் கேட்டேவிட்டாள்.

"குழந்தை வாயில அது வரக்கூடாது. என்னை அம்மான்னு கூப்பிடணும், அவ்வளவுதான். நீங்க நிறுத்தினா அவளும் நிறுத்திடுவா."

"நானா சொல்லிக் குடுத்தேன்? சுவர் சொல்லுது." டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அதை முடிச்சுக் காட்டு. அன்னிக்கே பேரை எடுத்துடறேன்."

"நிஜமா?"

"நான் கையெழுத்துப் போட்டா போட்டதுதான்."

பாவி மனுஷன், சொந்தப் பெண்டாட்டிக்கு அம்மா என்ற பெயரைத் திருப்பித்தர சுவரைக் கேட்கிறார். அவளும் சரி என்றாள்.

மறுநாள் மத்தியானம் சின்னவன் தூங்கியதும் முக்காலியைப் போட்டாள். பட்டாணியை பொம்மைகளோடு உட்காரவைத்தாள். கை விறுவிறுவென்று ஓடியது. மஞ்சள் சுருங்கிக்கொண்டே போய், ஓரத்தில் கதவளவுதான் மிச்சம். அவளுக்கே நம்பமுடியவில்லை. அப்போது கீழே தொப்பென்று சத்தம். பட்டாணி இரண்டு கையையும் பெயிண்ட் டப்பாவில் முக்கியெடுத்து, காயாத சுவரில் இழுத்துக்கொண்டே போனாள்.

"அரைகுறை! பாரு, நானும் அடிக்கறேன்!"

அவள் இறங்கிவந்து பிள்ளை முதுகில் ஒன்று வைத்தாள். இழுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய் கையைக் கழுவினாள். பிள்ளை திமிறியது. "விடு அரைகுறை! போ அரைகுறை!" அவ்வளவுதான், அவளுக்குக் கண் மண் தெரியவில்லை. பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வெளியிலிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.

"அம்மான்னு கூப்பிடு, திறக்கறேன்."

"அரைகுறை, திற!"

"அம்மான்னு சொல்லு."

"அரைகுறை, இருட்டா இருக்கு!"

பிள்ளை வீம்பு பிடிக்கிறது என்றுதான் நினைத்தாள். மூன்று வயசுக்கு வீம்பு என்ன தெரியும்? அப்பாவைச் சிரிக்கவைக்கிற பெயர், எல்லோருக்கும் பிடித்த பெயர், அதைத்தான் கெஞ்சிக் கெஞ்சிச் சொல்லிப்பார்த்தது. அவள் கூடத்துக்குத் திரும்பி, கைத்தடங்களின்மேல் பிரஷை ஓட்டிவிட்டு மறுபடி முக்காலியில் ஏறினாள். கதவு தடதடவென்று அதிர்ந்தது. சின்னவன் நல்லவேளையாக அசையவில்லை.

பிறகு வந்தது. முதலில் விக்கலோடு, அப்புறம் தொண்டை கிழிய. "அம்மா! அம்மா! அம்மா!"

எத்தனை நாளாக ஏங்கிய சொல்! பிரஷ் அந்தரத்தில் நின்றது. இறங்கியிருக்க வேண்டும். எவளாயிருந்தாலும் இறங்கியிருப்பாள். அவள் மிச்சமிருந்த மஞ்சளைப் பார்த்தாள், ஒரே ஒரு பட்டை. இப்போது இறங்கினால் மறுபடி கழுவு, துடை, ஊட்டு. பிரஷ் விறைத்துப்போகும், சாயங்காலம் அவர் வந்து சிரிப்பார். "இதோ வந்துட்டேன்டி, இரு" என்று மெல்லச் சொன்னாள். அது கதவுக்கு அந்தப் பக்கம் போயிருக்காது. பிள்ளை கூப்பிடக் கூப்பிட, அவள் மேலிருந்து கீழாக, அவசரமில்லாமல், திட்டு விழாமல் அடித்தாள். சுகமாகக்கூட இருந்தது அவளுக்கு. சொல்ல நாக்கு கூசுகிறது, ஆனால் இருந்தது.

முடித்துவிட்டுத் தள்ளிநின்று பார்த்தாள். சுவர் முழுக்கப் பச்சை. வீடு அமைதியாக இருந்தது. அமைதியாக இருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது. உள்ளே பெரிய பக்கெட்டில் விளிம்புவரை தண்ணீர். லைட் சுவிட்ச் வெளியே இருக்கிறது, அவள் போடவே இல்லை. ஐயோ என்று விழுந்தடித்து ஓடித் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

பட்டாணி மூலையில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. கவுனும் காலும் மட்டும் ஈரம், மூத்திர வாடை. அவள் பாய்ந்து தூக்கப்போக, பிள்ளை இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டது.

"அம்மா," என்றது. "சொல்லிட்டேன் அம்மா."

சாயங்காலம் சூப்பர்வைசர் செருப்பைக் கழற்றும்போதே சுவரைப் பார்த்துவிட்டார். கிட்டப்போய், குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை.

"அடேங்கப்பா! முடிச்சிட்டியே! சரி, சொன்ன சொல் மாற மாட்டேன். பேர் கேன்சல்." நாற்காலியில் சாய்ந்தார். "அரைகுறை, குடிக்கத் தண்ணி கொண்டா... அட, வாயில வந்துடுச்சே!"

பட்டாணி ஓடிவந்து அவர் மடியில் ஏறி, வாயைக் கையால் பொத்தினாள். தண்ணீர்ச் செம்போடு வந்தவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, ரகசியம் சொல்கிற மாதிரி அவர் காதில் சொன்னாள்.

"அப்படிச் சொல்லாதீங்க அப்பா. அம்மான்னு சொல்லுங்க. இல்லேன்னா அவங்க உங்களையும் இருட்டுல போட்டுடுவாங்க. அழுதாலும் வர மாட்டாங்க."

"அவங்களா! அடி சக்கை, மரியாதை எல்லாம் வந்துடுச்சு!" சூப்பர்வைசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இந்தத் தடவை அப்பா சிரித்தும் பிள்ளை சிரிக்கவில்லை. "வாடி தங்கம், அம்மாகிட்ட வா" என்று அவள் கையை நீட்டினாள். பட்டாணி அப்பாவின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வரேன் அம்மா" என்றாள். வரவில்லை. அவள் செம்பை வைத்துவிட்டு, தான் முடித்த சுவரின் பக்கத்தில் போய் நின்றாள்.