சாய்வதற்கு ஒரு சுவர்

என் தம்பி ஐவினிடம் எதைக் கேட்டாலும் "பரவாயில்ல" என்பான். சூப்பில் உப்பில்லையா, பரவாயில்லை. நிறுத்தியிருந்த காரை யாரோ இடித்துவிட்டார்களா, பரவாயில்லை. எங்கள் நார்வேக்காரர்களில் பாதிப் பேர் இப்படித்தான். அந்தச் சொல்லுக்கு "பிடிக்கவில்லை" என்றும் அர்த்தம் உண்டு, "என்னை விடு" என்றும் அர்த்தம் உண்டு. எப்போது எது என்று கண்டுபிடிப்பது கேட்பவர் தலையெழுத்து. அவனுக்கு அக்காவாக இத்தனை வருடம் குப்பை கொட்டியும் நான் இன்னும் தேறவில்லை.

மலைமேல் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதில் நின்ற பழைய மரக்குடில், போன வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் பனியின் பாரம் தாங்காமல் கூரையோடு உட்கார்ந்துவிட்டது. அதே குளிர்காலத்தில்தான் ஐவினின் மனைவி ராக்னாவும் இறந்துபோனாள். அதன் பிறகு அவன் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் ஒருநாள் போன் செய்து, நிலத்தை விற்றுவிட்டு ஸ்பெயினில் ஒரு பிளாட் வாங்கிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னான். வாங்க ஆள்கூடப் பார்த்துவிட்டிருந்தான்.

நிலம் போனால் போகட்டும். ஐவின் ஸ்பெயினுக்குப் போனால் திரும்பி வரமாட்டான், அதுதான் பயம். "ஈஸ்டர் வரைக்கும் பொறு. அந்த இடத்துக்கு ஒரு குடில் வரைஞ்சு காட்டறேன். உனக்குப் பிடிக்கலேன்னா நானே கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றேன். "பரவாயில்ல" என்றான்.

கட்டிடங்கள் வரைவதுதான் என் தொழில். குளிர்காலம் முழுக்க அந்தக் குடிலோடு மல்லுக்கட்டினேன். இரண்டு பேர் படுக்கலாம், நான்கு பேர் நெருக்கியடித்து உட்காரலாம், அவ்வளவுதான் அளவு. பாறையை வெடிவைத்து உடைக்காமல், சின்னச் சின்னக் கல்தூண்கள்மேல் நிறுத்தினேன். பழைய குடிலில் அழுகாமல் தப்பிய மரங்களையே மறுபடி எடுத்துக்கொண்டேன். மீதிக்குக் கீழே பள்ளத்தாக்கில் வெட்டிய பைன். கூரைமேல் புல், ஓடையிலிருந்து தண்ணீர், வெளியே தண்ணீர் தேவைப்படாத கக்கூஸ். பக்கத்து மேட்டில் ஓஸ்லோக்காரர்கள் வெந்நீர்த் தொட்டியும் கார் நிறுத்தத் தனிக் கட்டிடமுமாக மாளிகை எழுப்பிவிட்டு, அதையும் குடில் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் வரைபடத்தில் எனக்கே பெருமையாக இருந்தது தெற்குப் பக்கம். தரையிலிருந்து கூரைவரை முழுக்கக் கண்ணாடி. வெயில் உள்ளே வந்து தரையைச் சூடாக்கும், விறகு மிச்சமாகும். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு வட்ட மேஜை. நானும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து மனம்விட்டுப் பேசப்போகிறோம் என்று அதை வரையும்போதே நினைத்துக்கொண்டேன்.

பெரிய வெள்ளியன்று பனிச்சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு இருவரும் மேலே போனோம். குடில் இருந்த இடம் ஒரு வெள்ளை மேடாகக் கிடந்தது. விறகுக் கொட்டகை மட்டும் நின்றிருந்தது. பனிமேல் வரைபடத்தை விரித்து, காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் எங்கள் கையுறைகளை வைத்தேன். ஐவின் குனிந்து, அவசரப்படாமல் பார்த்தான்.

"எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

"எதுடா பரவாயில்ல? கூரையா, கண்ணாடியா, கக்கூஸா?"

"எல்லாமே பரவாயில்ல, தோரா."

"உன் பரவாயில்லைய கொண்டுபோய் ஓடையில போடு! குளிர்காலம் பூரா உக்காந்து வரைஞ்சிருக்கேன். நல்லா இல்லேன்னு திட்டவாவது செய்யேன்டா!"

"கத்தாத. மேல இருக்கற பனி சரிஞ்சு வந்துறப்போகுது" என்று சொல்லிவிட்டு அவன் விறகுக் கொட்டகையைப் பார்க்க நடந்தான்.

காற்றுப் படாத இடம் என்பதால், குடில் நின்ற காலத்திலும் ஈஸ்டர் வெயிலுக்கு நாங்கள் மூவரும் வந்து உட்கார்வது கொட்டகையின் தெற்குச் சுவரோரம்தான். வருடக்கணக்கான வெயிலில் அந்தப் பலகைகள் கறுத்துப் போயிருந்தன. ஐவின் காலால் பனியைத் தள்ளி, ஒரு பாயைப் போட்டு, முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தான். பூட்ஸைக் கழற்றினான். கண்ணை மூடிக்கொண்டான். நானும் உர்ரென்று போய்ப் பக்கத்தில் உட்காரப் பார்த்தேன்.

"தள்ளி உக்காரு. அது ராக்னா இடம்."

அவள் எப்போதும் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் உட்கார்வாள். நான் மேற்கு மூலைக்கு நகர்ந்துகொண்டேன். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. முதுகில் பலகையின் சூடு மெல்ல ஏறியது. ஒரு ஆரஞ்சை உரித்து, அந்தக் காலி இடத்தின் குறுக்கே பாதியை நீட்டினேன். கண்ணைத் திறக்காமலே வாங்கிக்கொண்டான்.

"இதுல எங்க சாயறது?" என்றான் திடீரென்று.

"எதுல?"

"நீ வரைஞ்சதுல. தெக்கால முழுக்கக் கண்ணாடி. முதுக எங்க வைக்கறது?"

"உள்ள நாற்காலி போட்டிருக்கேனே. கண்ணாடி வழியா அதே வெயில்தான்டா வரும். குளிரவும் குளிராது."

"உள்ள அந்த வட்ட மேஜை. நீ எதிர்ல உக்காந்து என் மூஞ்சியவே பாத்துட்டு இருப்ப. பாத்தா எனக்குப் பேச்சு வராது. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தும், ஈஸ்டருக்கு எல்லாரும் முதுகு சாய்த்து உட்காரும் வெயில் சுவரை மரக்குடிலிலிருந்து எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆரஞ்சுத் தோலை உருட்டிக்கொண்டிருந்தேன்.

அவனே பேசினான். "அவ வியாதிய பத்தி மொதல்ல சொன்னது இங்கதான். நீ காபி போட ஓடைக்குத் தண்ணி எடுக்கப் போயிருந்த. ரெண்டு பேரும் இப்படியே உக்காந்திருந்தோம். அவ கண்ண மூடி வெயிலுக்கு மொகத்தக் காட்டிக்கிட்டே சொன்னா. டாக்டர் சொன்னத ஒண்ணு விடாம சொன்னா. நானும் கண்ணத் தொறக்கல. தொறந்திருந்தா ரெண்டு பேருமே ஒடஞ்சிருப்போம்."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையேடா."

"நீ பாத்துக்கிட்டே கேப்ப."

திரும்பி அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், கட்டிக்கொள்ள வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. திரும்பவில்லை. எதிரே இருந்த மலையையே பார்த்துக்கொண்டு, "வேற என்ன சொன்னா?" என்றேன்.

சொன்னான். ஆஸ்பத்திரியைப் பற்றி, அவள் கடைசி வாரத்தில் காபி வாசனை பிடிக்கவில்லை என்றதைப் பற்றி, வீட்டில் அவள் கோட் இன்னும் மாட்டியே இருப்பதைப் பற்றி. இரண்டு வருடத்துப் பேச்சு அது. நடுவில் ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தான். நான் அழுதுகொண்டிருந்தேன். அவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் மேற்கே சாய்ந்தது. கீழே நின்ற ஊசியிலை மரத்தின் நிழல் நான் இருந்த மூலையில் விழுந்து, பலகை சட்டென்று குளிர்ந்தது. நான் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு அப்படியே இருந்தேன். எழுந்தால் அவன் நிறுத்திவிடுவானோ என்று பயம்.

"அங்க வெயில் போயிடுச்சு. இப்படி வா" என்றான்.

"அது..."

"வான்னா வா."

நகர்ந்து ராக்னாவின் இடத்தில் உட்கார்ந்தேன். அங்கே பலகை இன்னும் சூடாக இருந்தது. அவன் தோள் என் தோளில் இடித்தது, அவன் விலகவில்லை.

பயந்துகொண்டேதான் கேட்டேன். "அப்ப நிலத்த வாங்க வர்ற ஆளுக்கு என்ன பதில் சொல்லப்போற?"

ஐவின் கண்ணைத் திறக்கவில்லை. "கண்ணாடிய வேற பக்கம் போட்டுக்க. இந்தப் பக்கம் வெறும் பலகைச் சுவர் போதும். ஆனா நீளமா போட்டுறாத, தோரா."

"ஏன்?"

"நீளமா இருந்தா எல்லாரும் தள்ளித்தான் உக்காருவாங்க."