கரைக் குழம்பின் முதல் வாய்

என் வீட்டுக்காரருக்கு மசாலாப் பொடி கம்பெனியில் ருசி பார்க்கிற வேலை. கிண்ணம் கிண்ணமாகக் குழம்பு வரும். ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, பக்கத்து டம்ளரில் துப்பிவிட வேண்டும். முழுங்கினால் அடுத்த கிண்ணத்துக்கு நாக்கு மழுங்கிவிடுமாம். ஊர் உலகத்துக்கெல்லாம் ருசி சொல்கிற மனிதர், வீட்டில் நான் எதைப் போட்டாலும் "ம்" என்பதோடு சரி.

கம்பெனி வேன் டிரைவர்தான் ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அவருடைய அக்கா ஊரில் மீனோடு காய்ந்த புளிப்புக் காயைப் போட்டு ஒரு குழம்பு வைப்பார்களாம். கரைக் குழம்பு. அந்தக் காய் அந்தக் கரையில்தான் காய்க்குமாம்.

"அதுல தேங்கா கிட்டயே வரக்கூடாது சார். எங்கக்கா வச்சா மறுநாள் வரைக்கும் கை மணக்கும்."

அவ்வளவுதான், இவர் பிடித்துக்கொண்டார். கடையில் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் போலி, அசலை ஒருதடவை சாப்பிட்டே தீரவேண்டும் என்று டிரைவரை நச்சரித்து, கடைசியில் அந்த அக்காவே "வரச் சொல்லு" என்று சொல்லும்படி ஆக்கிவிட்டார்.

நாக்கைத் தயார் பண்ணுகிறேன் என்று காபியை விட்டார், காரத்தை விட்டார். அவரோடு சேர்ந்து வீடே பத்தியம் கிடந்தது. ஒருநாள் டிரைவரோடு நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். ரயில், பஸ், படகு, அப்புறம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நடை. என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட இவர் இவ்வளவு வேகமாக வந்ததில்லை. மிச்சத்தை வாங்கிவரக் கையில் தூக்குவாளி வேறு.

அக்கா வாசலிலேயே நின்று கால் கழுவத் தண்ணீர் ஊற்றினார். விடியுமுன் படகுத்துறைக்குப் போய்த் தானே பார்த்து மீன் வாங்கினாராம். புதுப் பாய், புதுத் தட்டு. தம்பியின் கம்பெனியிலிருந்து பெரிய ஆள் சாப்பிட வந்திருக்கிறார் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள்கூடக் கதவோரம் நின்றார்கள்.

இவர் கண்ணை மூடிக்கொண்டு முதல் வாய் எடுத்தார். நாக்கில் உருட்டினார். தண்ணீர் டம்ளரை எடுத்து அதில் துப்பினார்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணைத் திறந்த பிறகுதான் இவருக்குத் தன் கையிலிருந்த டம்ளர் தெரிந்தது.

"ஐயோ, பழக்கதோஷம் அக்கா. வேலையில இப்படித்தான் பண்ணுவோம். ரொம்ப நல்லா இருக்கு."

"பரவால்ல சார். இந்தப் புளிப்பு உங்களுக்கு ஒத்துக்காது."

"இல்லக்கா, நெஜமாவே..."

"நல்லா இருந்தா யாராச்சும் துப்புவாங்களா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

டம்ளரையும் தட்டையும் அவரே எடுத்துக்கொண்டு போனார். வேறு தட்டில் மோர்ச் சோறும் முட்டையும் வந்தன. குழம்பைத் திரும்பக் கேட்க இவருக்கு வாய் வரவில்லை. கதவோரத்தில் இப்போது யாரும் இல்லை. இந்த ஆளை எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது எனக்கு. எங்கள் மானம் எங்களுக்கு முன்னாலேயே படகேறிவிட்டது.

கிளம்பும்போது அக்கா தூக்குவாளியை உள்ளே வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வரக் கொஞ்சம் நேரமானது. வாளி கனத்தது.

"இது ஒத்துக்கும் சார். வழியில சாப்பிடுங்க."

டிரைவர் துறைவரை முன்னால் வேகமாக நடந்து, எங்களைப் படகில் ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

படகு நகர்ந்ததும் இவர் மூடியைத் திறந்து ஒரு துண்டு மீனை வாயில் போட்டார். நாக்கு உருள்வது கன்னத்தில் தெரிந்தது.

"துப்பறதா இருந்தா அந்தப் பக்கம் துப்புங்க," என்றேன். இருந்த எரிச்சலுக்கு வேறு வார்த்தை வரவில்லை.

இவர் முழுங்கினார்.

"தேங்காப்பால் விட்டிருக்காங்க," என்றார். "கொஞ்சம் சக்கரையும்."

எனக்குப் புரியச் சற்று நேரமானது. தேங்காய் கிட்டயே வரக்கூடாத குழம்பு. எங்கள் வாய்க்கு இறங்கட்டும் என்று அந்த அக்கா தன் குழம்பைத் தன் கையாலேயே கெடுத்திருக்கிறார்.

இவர் தலையைத் தூக்கவேயில்லை. தித்திக்கிற அந்தக் குழம்பை, ஒரு துண்டு மீன் விடாமல், கரை சேருவதற்குள் தின்று முழுங்கினார்.